மூவகைப் போலி: சீனக் கல்முத்திரையும் மெய்ம்மையின் அளவையும்

முத்திரை என்பது பிறிதொன்றின் மெய்ம்மைக்குச் சான்றாக நிற்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட பொருள். ஓலையிலோ தாளிலோ எழுதப்பட்ட ஆணை அதனை விடுத்தவருடையதுதான் என்பதை, அவர் அருகில் இல்லாதபோதும், அவருடைய இலச்சினையின் பதிவு உறுதிசெய்கிறது. அத்தகைய பொருளே ஐயத்துக்கு உள்ளாகும்போது, சாட்சிக்கு யார் சாட்சி சொல்வது என்னும் சிக்கல் நேரே முன்வந்து நிற்கிறது. முத்திரையின் மெய்ம்மைக்கு இன்னொரு முத்திரை வேண்டுமெனில், அதற்கும் மற்றொன்று வேண்டும். முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும் இக்குற்றத்தை இந்திய அளவைநூலார் அநவத்தை என்பர். பழங்காலச் சீனக் கல்முத்திரையைத் தற்காலப் படியிலிருந்து பிரித்தறிய முயல்வோர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒன்றை மெய்யென்று எதைக்கொண்டு துணிவது என்னும் பழைய தத்துவ வினாவையே கையில் எடுக்கின்றனர்.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தமிழில் வாய்ப்பான ஒரு சொல் உண்டு. 'போலி' என்பது மூன்று இடங்களில் மூன்று பொருளில் வழங்குகிறது. இலக்கணத்தில், ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் இன்னோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பது போலி. நிலம் என்பது நிலன் என்றும், நலம் என்பது நலன் என்றும் வருவதில் எவரும் ஏமாறுவதில்லை. அளவைநூலில், காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதது போலி. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை இத்தகைய போலிகளைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வகுத்து விரித்துரைக்கிறது. சந்தையிலோ, அல்லாத ஒன்றை அதுவென்று சொல்லி விற்பது போலி. முதலாவது குற்றமற்றது, இரண்டாவது அறிவின் குற்றம், மூன்றாவது அறத்தின் குற்றம். சீனக் கல்முத்திரையைப் பற்றிய குழப்பங்களிற் பல, இம்மூன்றையும் ஒன்றாக எண்ணுவதனால் விளைபவை.

சீனாவில் முத்திரைகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழக்கில் இருந்தபோதிலும், பழங்காலத்து முத்திரைகளிற் பெரும்பாலானவை வெண்கலத்தாலும் பச்சைமணிக் கல்லாலும் ஆனவை. அவற்றைச் செய்தோர் கைவினைஞர். எழுத்தும் ஓவியமும் பயின்ற அறிஞர் தாமே கத்தியெடுத்துச் செதுக்கும் வழக்கம், எளிதில் வெட்டக்கூடிய மென்கற்கள் பயன்பாட்டுக்கு வந்தபின் தோன்றியது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் மியான் இதனைத் தொடங்கியவர் என மரபு கூறும். 16ஆம் நூற்றாண்டில் வென் பெங் இதனை அறிஞர் கலையாக நிலைபெறச் செய்தார். மாக்கல்லைப் போன்று மென்மையான இக்கற்களில், ஃபூஜியன் மாகாணத்து ஷௌஷான், ஜெஜியாங் மாகாணத்துச் சிங்தியன், அதே மாகாணத்துச் சாங்ஹுவா, உள்மங்கோலியாவின் பாலின் ஆகிய இடங்களிற் கிடைப்பவை பெயர்பெற்றவை. சாங்ஹுவாக் கல்லில் ஓடும் குருதிச் சிவப்பு சாதிலிங்கத்தால் ஆனது. முத்திரை பதிக்கும் செந்நிறக் களிம்பும் அச்சாதிலிங்கத்தை எண்ணெயிலும் மாசிபத்திரி இனச் செடியின் நாரிலும் குழைத்துச் செய்யப்படுவதே. எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பைக் குடைந்து நீக்கினால் பதிவில் எழுத்து சிவப்பாக விழும். எழுத்தையே குடைந்தால் சிவப்பின் நடுவே அது வெள்ளையாக நிற்கும்.

இனி, ஒன்றை மெய்யென்று அறிவதற்குக் கருவியாகச் சைவ சித்தாந்தம் கொள்ளும் அளவைகள் மூன்று: பொறிகளால் நேரே அறியும் காண்டல், அறிந்ததைக்கொண்டு அறியாததைத் துணியும் கருதல், நம்பத்தக்கோர் சொல்லால் அறியும் உரை. அளவைகளைப் பத்துவரை பெருக்கியோர் உண்டெனினும் அவை யாவும் இம்மூன்றில் அடங்கும் என்பது, 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார் கொள்கை. ஒரு பொருளுக்குப் பிறவற்றோடு ஒத்த பொதுவியல்பும், அதற்கே உரிய சிறப்பியல்பும் உண்டென்றும் அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. முத்திரையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் முதலிற் காண்பதெல்லாம் பொதுவியல்பே: கல்லின் பளபளப்பு, மூலைகளின் தேய்வு, எழுத்தின் குழிகளில் உறைந்த சிவப்பு, பழுப்பேறிய நிறம். இவை பழைய கல்லுக்கும் உரியவை. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, புகையிற் காட்டி, எண்ணெய் பூசித் துடைத்த புதிய கல்லுக்கும் உரியவை.

பொதுவியல்பைக் கண்டு சிறப்பியல்பைத் துணிவதால் நேரும் பிழைக்கு இந்தியத் தத்துவ நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, இப்பியில் வெள்ளியைக் காண்பது. சிப்பியின் உட்புற ஒளியைக் கண்டு அதனை வெள்ளியென மயங்கும் இந்தத் திரிபுக்காட்சி, இலங்கையின் கற்பிட்டியிலிருந்து மன்னார்வரை நீளும் கரைக்கு ஏட்டு உவமையாக மட்டும் இருந்ததில்லை. கடலுக்கும் களப்புக்கும் இடையே மணலாய்க் கிடக்கும் உச்சமுனை முதலிய திட்டுகளில் அலை ஒதுக்கும் சிப்பி நாள்தோறும் மின்னுகிறது. அதற்கு வடக்கே, சிலாவத்துறை, அரிப்பு ஆகிய ஊர்களை ஒட்டிய கடற்பரப்பு நூற்றாண்டுகளாக முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றிருந்தது. ஆயினும் சிப்பி தன்னை வெள்ளியென்று எவருக்கும் சொல்வதில்லை. அங்கே மயக்கம் காண்பவரிடத்தில் தொடங்கி, அவர் குனிந்து எடுத்துப் பார்த்ததும் அவரிடத்திலேயே முடிகிறது. போலி முத்திரையிலோ, காண்பவர் மயங்கவேண்டும் என்பதே பொருளின் வடிவத்துக்குக் காரணமாக அமைந்துவிடுகிறது. எனவே குனிந்து பார்ப்பது போதாது, கருதவேண்டும்.

கருதலளவையில் ஏது எனப்படுவது, நிறுவ விரும்பும் முடிவோடு என்றும் பிரியாது நிற்கும் அடையாளம். புகை நெருப்பைக் காட்டுவது, நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லாமையால். இத்தொடர்பு அறுந்த ஏது ஏதுப்போலி. அதனை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மணிமேகலை மூன்றாகப் பகுக்கிறது. அடையாளமே நிறுவப்படாதது அசித்தம்; கல்லோடு வரும், எவரும் சரிபார்க்க இயலாத பழங்குடும்பச் சேமிப்புக் கதை இத்தகையது. முடிவு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவது அநைகாந்திகம். மேற்கூறிய பழுப்பும் தேய்வும் இதன்பாற்படும். கருதிய முடிவுக்கு மாறானதையே நிறுவிவிடுவது விருத்தம். முத்திரையை நுணுகி ஆராய்வோருக்கு மிகுந்த பயன் தருவது இதுவே.

கையாளப்பட்ட கல் கைபடும் இடங்களில்தான் மழுங்கும். விரல் புகாத இடுக்குகளில் செதுக்கிய நாளின் கூர்மை எஞ்சியிருக்கும். எல்லா இடமும் ஒரே அளவாக மழுங்கியிருப்பின், அத்தேய்வு முதுமையைக் காட்டாமல் முதுமை பூசப்பட்டதையே காட்டுகிறது. கத்தியால் வெட்டிய கோட்டின் விளிம்பில் கல் சிறு சில்லுகளாகத் தெறித்திருக்கும். கோட்டின் ஆழம் கையின் அழுத்தத்துக்கேற்ப ஏறி இறங்கும். சுழலும் இயந்திர ஊசி குடைந்த கோடு ஒரே ஆழத்தில் ஓடி, முனையில் வட்டமாக முடியும். கல்லின் இனமும் இவ்வாறே பேசும். பாலின் கல் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் என்பதால், அக்கல்லில் மிங் அரசமரபுக் காலத்துச் செதுக்கலைக் காட்டும் முத்திரை ஐயத்துக்குரியது. லாவோஸ் நாட்டு மென்கல் ஷௌஷான் கல் என்னும் பெயரில் விற்கப்படுவதும் அண்மைக்கால வழக்கு.

முத்திரையின் பக்கவாட்டில் செதுக்கியவர் தம் பெயரையும் ஆண்டையும் சிலபோது பெறுநரின் பெயரையும் பொறிப்பதுண்டு. அந்த ஆண்டுக்குறிப்பு, பிரபவ முதல் அட்சய வரையான தமிழாண்டு வட்டத்தைப் போலவே அறுபதில் மீளும் சீன வட்டத்தைச் சேர்ந்தது. பிரபவ ஆண்டு என்று மட்டும் எழுதிவைத்தால் அது 1927இல் தொடங்கியதா, 1987இல் தொடங்கியதா என்று பிறகு வருபவருக்கு விளங்காததுபோல, சீன வட்டத்தின் முதல் ஆண்டாகிய ஜியாசி 1864, 1924, 1984 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். பக்கப்பொறிப்பு பொய்யாக இல்லாதபோதும் அநைகாந்திகமாக அமையக்கூடும். படிப்பவரின் ஆசை அதனை அறுபதோ நூற்றிருபதோ ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பெயர்பெற்ற செதுக்குநர்களின் முத்திரைப் பதிவுகள் தொகுப்பு ஏடுகளாக வெளியிடப்பட்டுள்ளன. கையிலுள்ள கல்லின் பதிவை ஏட்டிலுள்ள பதிவின்மேல் வைத்து ஒப்பிடுவது சிறந்த சோதனையாகத் தோன்றும். ஆனால் ஏட்டுப் பக்கத்தையே படமெடுத்து அதன்வழி புதுக்கல்லைச் செதுக்கமுடியும் என்பதால், ஒற்றுமை மெய்ம்மையை நிறுவுவதில்லை. இங்கே துணைசெய்வது காலத்தின் ஒருவழிப் போக்கு. உடைந்த கல்விளிம்பு மீண்டும் வளர்வதில்லை. நூறாண்டுக்கு முன் பதிவில் விழுந்த வெடிப்பு இன்றைய பதிவில் கூடியிருக்கலாமேயன்றிக் குறைந்திருக்கலாகாது. நூறாண்டுகள் பயன்பட்டதாகச் சொல்லப்படும் கல், ஏடு அச்சான நாளின் சேதத்தோடு மயிரிழையும் கூடாமல் ஒத்திருப்பின், அந்த முழுமையான ஒற்றுமையே விருத்தமாகி எதிராகப் பேசும்.

இச்சோதனைகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவை யாவும் விலக்கும் ஆற்றல் உடையவை; நிறுவும் ஆற்றல் உடையவை அல்ல. இயந்திரக் கோட்டைக் காட்டி ஒரு கல்லைப் பழையதன்று எனத் துணியலாம். கத்திக்கோடு இருப்பதனால் அது பழையது எனத் துணிய முடியாது, ஏனெனில் கத்தியால் செதுக்குவோர் இன்றும் உள்ளனர். எல்லாச் சோதனைகளையும் கடந்துவந்த கல்லைப் பற்றிச் சொல்லக்கூடியது, அதன்மீது குற்றம் நிறுவப்படவில்லை என்பதே. காண்டல் பொதுவியல்போடு நிற்க, கருதல் மறுப்போடு நிற்கிறது.

இதற்கிடையே, படியெடுப்பது எல்லாம் பொய் என்னும் எண்ணமும் திருத்தம் வேண்டுவது. சீன முத்திரைக் கலையில் ஹான் அரசமரபுக் காலத்து முத்திரைகளைப் பார்த்து அவ்வாறே செதுக்கிப் பழகுவது கல்வியின் அடிப்படை; பழைய முத்திரையின் முறையைப் பின்பற்றியது என்று பக்கத்திலேயே பொறித்துவைத்த செதுக்குநரும் பலர். 1904இல் ஹாங்சோ நகரில் தோன்றிய சிலிங் முத்திரைச் சங்கத்தின் முதல் தலைவராகிய வு சாங்ஷுவோ (1844–1927), தாம் புதிதாகச் செதுக்கிய முத்திரைகளின் விளிம்பைத் தட்டியும் தேய்த்தும் மண்ணிற் கிடந்த பழங்கல்லின் சிதைவழகை வருவித்தார். கள்ளன் செய்வதாகச் சொல்லப்படும் செயலையே அவர் செய்தார். எனினும் அதனடியில் தம் பெயரை இட்டார். கருவியும் செயலும் விளைவும் ஒத்திருக்க, சொல் ஒன்றினால் மட்டும் இருவரும் வேறுபடுகின்றனர். அவருடையது இலக்கணப்போலி: எழுத்து மாறியும் பொருள் கெடவில்லை.

சமய வழக்கிலும் இதற்கு இணை உண்டு. கோயிலில் பழுதுற்ற மூர்த்தத்தை அகற்றிப் புதியதை நிறுவிக் குடமுழுக்குச் செய்தால், வழிபடுவோர் புதிய கல்லைப் பழைய தெய்வத்தின் போலியென்று கருதுவதில்லை; அங்கே மெய்ம்மையைத் தருவது கல்லின் வயது அன்று, முறைப்படி நிகழ்ந்த பிரதிட்டை. தேய்ந்துபோன அரசு முத்திரைக்கு மாற்றாக அரசே வெட்டுவித்த புது முத்திரையும் அவ்வாறே, முத்திரை என்ற வகையில் முழுமெய். பழம்பொருள் என்ற வகையில் அது மெய்யன்று. ஒரே கல்லைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன: அதற்குரிய தொழிலைச் செய்யும் உரிமை அதற்கு உண்டா என்பது ஒன்று; அது கடந்துவந்ததாகச் சொல்லப்படும் காலத்தை உண்மையில் கடந்துவந்ததா என்பது மற்றொன்று. பொய் தங்கியிருக்கும் இடம் கல் அன்று, இரண்டாம் கேள்விக்கு விற்பவர் சொல்லும் விடை. நினைவுப்பொருட் கடையில் படியென்று சொல்லி விற்கப்படும் கல் குற்றமற்றது. அடுத்த கடையில் சிங் அரசமரபுக் காலத்தது என்று சொன்ன கணத்தில் அதே கல் மூன்றாம் வகைப் போலியாகிறது.

பொய் உரையில் தங்குமெனின், மெய்யும் உரையில்தான் தங்கவேண்டும். யாழ்ப்பாணத்தை அடுத்த ஆனைக்கோட்டையில், 1980ஆம் ஆண்டளவில், கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிகழ்த்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டுப் புதைகுழி ஒன்றிலிருந்து ஒரு சிறு முத்திரை கிடைத்தது. அதில் மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துகளும் உள்ளன. கீழ்வரியைக் கோவேத எனப் படித்தனர். அச்சொல்லின் பொருள் குறித்துக் கருத்து வேறுபாடு எழலாம். ஆனால் அது மண்ணின் எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதைக் கண்டு எழுதிவைத்தோர் இருப்பதால், பழமை பூசப்பட்ட பொருளோ என்னும் ஐயம் அங்கே வலுவிழக்கிறது. காலியில் 1911இல் மதகு மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டும் அத்தகையது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் பயணங்களையொட்டி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அக்கல், சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமிய மரபுக்கும் காணிக்கைகளை உரைக்கிறது. பழம்பொருளென்று விலைபேசப்பட்டு வந்த கல்லாயின் கேட்கவேண்டிய கேள்விகள் பல. தெருவோர மதகின்மேல் அது யாரையும் ஏமாற்றக் காத்திருக்கவில்லை.

இவ்விடத்தில் பௌத்த அளவைநூலாரின் தடை ஒன்று எழும். அவர் கொள்ளும் அளவைகள் காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே. உரை என்பது சொல்பவரின் நம்பகத்தன்மையை ஏதுவாகக் கொண்ட கருதலேயன்றித் தனியளவை ஆகாது என்பர். தடை வலிமையானது, அகழ்வாளரின் குறிப்பேட்டை நம்புவதற்கும் காரணங்கள் தேவைதான். ஆயினும் அக்காரணங்கள் கல்லிலிருந்து பெறப்படுபவை அல்ல. கல்லை எவ்வளவு நுணுகி நோக்கினும் அது கிடந்த இடம் அதில் எழுதப்பட்டிராது, கண்டவர் சொல்லவேண்டும். உரையைத் தனியளவை என்றாலும் கருதலின் ஒரு வகை என்றாலும், அதனை வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாது என்பது மாறுவதில்லை. முதலிற் கூறிய அநவத்தையும் இங்கேதான் நிற்கிறது: முத்திரைக்குச் சான்று இன்னொரு முத்திரை ஆகாமல், பொய்சொல்ல ஆதாயமற்ற ஒருவரின் பதிவாகிவிடுவதால் தொடர் அறுகிறது.

உரைகள் தம்முள் முரண்படுவதும் உண்டு. 1560இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்த போர்த்துக்கேயர், அங்கிருந்து எடுத்துச்சென்ற பல்லொன்றைப் புத்தரின் தந்ததாதுவெனக் கொண்டு கோவாவில் அழித்தனர். இலங்கைப் பௌத்த மரபோ அழிந்தது மெய்த்தாது அன்று என்று கொண்டு, கண்டியில் இன்றும் தாதுவை வழிபடுகிறது. அழித்தவர் உரையும் காத்தவர் உரையும் எதிரெதிர் நிற்க, வழிபடுவோர் தலைமுறை தலைமுறையாகக் காவல் அறாது வந்த மரபின் பக்கம் நின்றனர். வரலாற்றாசிரியர் வேண்டும் சான்று இதனினும் கடுமையானதாகலாம். ஆனால் தொடர்ச்சி அறாத கைமாற்றமே மெய்ம்மையைத் தாங்குகிறது என்பதில் பக்தரும் ஆய்வாளரும் வேறுபடவில்லை.

ஒரே செதுக்குநர் ஒரே நாளில் ஒரே பாறையிலிருந்து வெட்டிச் செதுக்கிய இரண்டு கல்முத்திரைகளை எண்ணிப் பார்க்கலாம். கப்பலேறி வந்த ஒன்று உச்சமுனை மணலுக்கடியில் பல நூற்றாண்டுகள் கிடக்கிறது. மற்றொன்று பதிவேதுமின்றிப் பல கைகள் மாறி ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்துசேர்கிறது. இரண்டும் சமமாக மெய்யானவை. ஆயினும் அறியப்படும் வாய்ப்பு முதலாவதற்கே உண்டு. இரண்டாவது, மெய்யாக இருந்தும், போலிகளின் நடுவே தன்னை நிறுவும் வழியற்று நிற்கிறது. மெய்யாயிருத்தல் வேறு, மெய்யென்று அறியப்படுதல் வேறு. மணலிலுள்ள கல்லை ஒருவர் இரவில் தோண்டியெடுத்து விற்றுவிடுவாராயின், கல்லுக்கு ஒரு கீறலும் விழாது. முதற்கல் இரண்டாம் கல்லாகிவிடும். அழிந்தது அதன் உரை.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் எழுந்த 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளெனக் கொண்டு, மண்ணில் மறைந்துகிடக்கும் தொல்பொருள்களை அரசின் உடைமையாக்குகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டமோ பொதுவாக நூறாண்டு என்னும் அளவை வைக்கிறது. பழமையின் எல்லை மனிதர் வகுத்த வழக்கு என்பதை இவ்வேறுபாடே உணர்த்தும். அவ்வெல்லை எங்கே போடப்பட்டாலும், ஒரு பொருளின் காலத்தை அறிவதற்கு அது கிடந்த இடம் முதலில் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மணல் அரித்தோ வாடிக்குக் கால் நடும்போதோ எழுத்துப் பொறித்த கல்லோ காசோ ஓட்டுத்துண்டோ வெளிப்படக் காண்பவர், அதனைக் கழுவாமல், நகர்த்தாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்பாராக. அவர் சொல்லும் அந்த ஒரு சொல்லே அப்பொருளின்மேல் விழும் மெய்யான முத்திரை.